ஒரு ஓட்டு, இரண்டு ஏழுமலை

ஜாம்பியாவில் கிட்வே என்ற ஊரில் பன்னிரண்டு வருஷமாகக் கணக்கு வாத்தியார் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் "மெட்ராஸ் பக்கம்" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். எங்கள் கிராமத்துக்குப் பக்கத்து டவுன் ஸ்ரீபெரும்புதூர், அந்தப் பெயர் அங்கே யார் வாயிலும் நுழையாது. 1991 மே மாதக் கடைசியில் வானொலியில் ஒருவர் அந்தப் பெயரைத் தடுக்கித் தடுக்கிச் சொன்னார். தேர்தல் கூட்டத்துக்கு வந்த தலைவர் ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. ஸ்டாஃப் ரூமில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உலகத்துக்கே எங்கள் டவுன் பெயர் தெரிந்துவிட்டது. தெரிந்த விதம்தான் இப்படி ஆகிவிட்டது.

அந்தச் சாவினால் எங்கள் பக்கத்துத் தேர்தல் ஜூன் மாதத்துக்குத் தள்ளிப்போனது. ஜூனில் எனக்கு விடுப்பு. அதாவது, முப்பத்தேழு வயசில் முதல் தடவையாக ஓட்டுப் போட எனக்கு வாய்ப்பு வந்தது. ஒரு சாவில் கிடைத்த சௌகரியம் இது என்று சொன்னால் நாக்குக் கூசும். ஆனாலும் நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

இதற்குக் காரணம் முலெங்கா. என்னோடு பூகோளம் நடத்துகிறவர். அவர் நாட்டில் அந்த வருஷம் முடிவதற்குள் ஜனாதிபதித் தேர்தல் வரப்போவதாகப் பேச்சு. அவருக்கு ஓட்டு வயசு வந்த நாளிலிருந்து ஒரே கட்சி, ஒரே ஆள். சீட்டில் 'வேண்டும்', 'வேண்டாம்' இரண்டில் ஒன்று. இப்போது நிஜமாகவே எதிர்த்து இன்னொருவர் நிற்கப்போகிறார். முலெங்காவுக்குத் தூக்கமே இல்லை. என்னைப் பிடித்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி. உங்கள் ஜனாதிபதியை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றார். நாங்கள் போடுவதில்லை, நாங்கள் போட்டு அனுப்புகிறவர்கள் போடுவார்கள் என்றேன். "அப்படியானால் உன் ஓட்டு போய்ச் சேர நிறைய பஸ் மாற வேண்டியிருக்கிறது" என்று சிரித்தார்.

அடுத்த கேள்விதான் குத்தியது. "நீ எத்தனை தடவை போட்டிருக்கிறாய்?"

பன்னிரண்டு வருஷமாக அந்த ஸ்டாஃப் ரூமில் இந்திய ஜனநாயகத்தைப் பற்றிப் பீற்றிக்கொண்டவன் நான். எழுபத்தேழில் மஞ்சள்காமாலை, படுத்த படுக்கை. எழுபத்தொன்பதில் கப்பல் ஏறிவிட்டேன். ஒரு தடவைகூட இல்லை என்று சொன்னபோது முலெங்கா கேலி செய்யவில்லை. "இந்தத் தடவை போட்டுவிட்டு வா. விரலில் மை வைப்பார்களாமே, அதை நான் பார்க்க வேண்டும்" என்றார். சத்தியம் செய்யாத குறைதான். ஒப்புக்கொண்டேன்.

முதல் நாள். பாரிமுனையில் பஸ் ஏறினேன். பூந்தமல்லி தாண்டியதும் போலீஸ் நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். அந்த நாட்களில் எங்கள் ரோட்டில் எந்தப் பையும் சோதனைக்குத் தப்பாது. என் பெட்டியில் இரண்டு கிலோ வெள்ளை மாவு. ஜாம்பியாவில் மூன்று வேளையும் சாப்பிடுகிற மக்காச்சோளக் களிக்கான மாவு. தனம் அக்காவுக்குக் கிண்டிக் கொடுக்கலாம் என்று ஆசையாகக் கொண்டுவந்திருந்தேன். போலீஸ்காரர் மோந்து பார்த்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இன்னாது இது?"

"களி கிண்டற மாவு சார். ஆப்பிரிக்காவிலேர்ந்து."

"இங்க களி கெடைக்காதுன்னு அங்கேர்ந்து தூக்கிக்கினு வந்தியா?"

கீரைக் கூடையோடு நின்ற ஒரு அம்மாள், "மாவு மாதிரிதான சார் கீது. வுட்டுட்டீங்கன்னா பஸ்ஸு போவும், என் கீரை வாடிக்கினே கீது" என்றாள். மாவை அவரே திரும்பக் கட்டிக் கொடுத்தார். பிறகு மெதுவாக, "தப்பா நெனைக்காதீங்க சார். நம்ம ஊரு முன்ன மாதிரி இல்ல" என்றார். கூட்டம் நடந்த இடத்தைப் பஸ் கடந்தபோது கண்டக்டர்கூட டிக்கெட் கேட்பதை நிறுத்திவிட்டார்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் மாமா மொபெட்டோடு காத்திருந்தார். மாமா என்றால் தனம் அக்காவின் வீட்டுக்காரர். பெயர் சுடலைமுத்து, திருநெல்வேலிக்காரர். லாரி ஓட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தவர், அக்காவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். இப்போது மறைமலை நகரில் ஒரு கம்பெனிக்கு ஷிஃப்ட் பஸ் ஓட்டுகிறார். எங்கள் கிராமம் பென்னலூருக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பெயர் வேண்டாம், ஏன் என்று போகப் போகத் தெரியும்.

"வா மாப்ள. பெட்டிய முன்னால வையி, நீ பின்னால உக்காரு" என்றார். பெட்டி கனத்தில் மொபெட் ஏரிக்கரை ஏற்றத்தில் நின்றுவிட்டது. அவர் மிதிக்க, நான் தள்ள, வீடு சேரப் பொழுது சாய்ந்துவிட்டது.

இரண்டாம் நாள் அக்காவுக்குக் களி கிண்டினேன். ஜாம்பியாவில் கீரையோடும் பொடிமீனோடும் சாப்பிடுவோம். அக்கா கருவாட்டுக் குழம்பை ஊற்றி ஒரு உருண்டை வாயில் போட்டாள். "இதுக்கா ஏரோப்பிளேன்ல போனே? கேவுரு களி இதுக்கு மேல" என்றாள். ஆனால் மாமா மூன்று உருண்டை சாப்பிட்டார். "வெள்ளையா இருக்கு, சோறுன்னு நெனச்சிக்கிட்டா எறங்கிரும்" என்றார்.

சாப்பிட்டுவிட்டு டீக்கடைப் பக்கம் போனேன். பால்காரக் கண்ணியப்பன், என்னோடு மூன்றாவது வரைக்கும் படித்தவன், கட்டிப் பிடித்துக்கொண்டான். எவ்வளவு நாள் இருப்பாய் என்று கேட்டான். இந்தத் தடவை ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் போவேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

"உன் ஓட்டா?" என்றான். டீ ஆற்றிக்கொண்டிருந்தவரும் திரும்பிப் பார்த்தார். "அது ஒழுங்கா வுழுந்துக்கினுதானே கீது. நீ இன்னாத்துக்குக் கவலப்படறே?"

"யாரு போடறது?"

"டிரைவருதான். உங்க மாமா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பன்னிரண்டு வருஷமாக நான் போடாத ஓட்டைப் போட்டது என் வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஆள். வீட்டுக்கு வந்து அக்காவிடம் கத்தினேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"நான்தாண்டா போட சொன்னேன். எம்பதுல உன் பேருக்குச் சீட்டு எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க. தம்பி இல்லியே, வீணாப் பூடுமேன்னு அவுர அனுப்பினேன். பால் மிஞ்சினா தயிர் பண்றதில்லியா, அந்த மாதிரி. இப்ப இன்னா கெட்டுப்போச்சி?"

"அது கள்ள ஓட்டுக்கா."

"யாரு கள்ளன்? ஊருக்கே தெரிஞ்சி போட்டா அது கள்ளத்தனமா?"

ஊருக்கே தெரியும் என்பதுதான் உண்மை. இரண்டு கட்சி ஏஜென்ட்களும் தலையாட்டுவார்களாம். ராத்திரி பிரசவ வலி எடுத்தாலும் கம்பெனி பஸ்ஸையே திருப்பி ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போகிற மனுஷன். அவருக்கு ஒரு ஓட்டு இல்லையென்றால் எப்படி என்று ஊரே சேர்ந்து முடிவு செய்துவிட்டது. அந்த முடிவில் என்னை மட்டும் கேட்கவில்லை.

மாமா ஷிஃப்ட் முடித்து வந்ததும் நேராகவே கேட்டேன். அவர் முகம் சிறுத்துப்போயிற்று. "ஒம் ஓட்டு மாப்ள. நீ வந்தாச்சில்லா, நீ போடு. நான் சும்மா பாத்துக்கிட்டுதான இருந்தேன்."

"சரி. இத்தனை வருஷமா என் ஓட்டை யாருக்குப் போட்டீங்க?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "அத எப்பிடிச் சொல்லதுக்கு? ரகசிய ஓட்டுல்லா."

கோபத்தை விடக் கூடாது என்று எவ்வளவோ பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அக்கா உள்ளேயிருந்து, "அவுரு வெள்ள சட்டைய இஸ்திரிப் பொட்டி போட்டு வெச்சிருக்காருடா, நாளான்னிக்குப் போட்டுக்கினு போவ" என்றாள். மாமா அவளை முறைத்தார். பக்கத்து ஆணியில் அந்த வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் தொங்கியது.

மூன்றாம் நாள் மூவரும் வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கப் போனோம். அக்கா உள்ளே சுற்றிக்கொண்டிருந்தாள். நாங்கள் வெளியே நுங்கு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான்தான் ஆரம்பித்தேன். உங்கள் பேரையே இங்கே சேர்த்திருக்கலாமே என்றேன்.

"ஒரு தடவ கேட்டேன் மாப்ள. கணக்கெடுக்க வந்தவரு, உமக்கு எந்த ஊருன்னாரு. தின்னவேலின்னேன். அப்ப அங்க இருக்கும், அங்க போயிப் போடும்னுட்டாரு. அந்தச் சமயம் அம்மைக்கு முடியலன்னு ஊருக்குப் போயிருந்தேன். அங்க கேட்டேன். நீதான் ஊர வுட்டுப் போனவனாச்சேன்னு பேர எடுத்துட்டாவ." நுங்குத் தோலை ஓரமாக வைத்தார். "அங்க கேட்டா போனவன்ங்காவ. இங்க கேட்டா வந்தவன்ங்காவ. நடுவுல ஒம் பேரு சும்மா கெடந்துச்சு."

கிட்வேயில் நான் வந்தவன். ஒவ்வொரு வருஷமும் அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்கிறவன். இங்கே நான் போனவன். ஆனால் என் பேர் மட்டும் பத்திரமாகப் பட்டியலில் இருந்தது, அப்பா கட்டிய வீட்டு நம்பரோடு. ஏரி உடைந்தபோது மூட்டை தூக்கியதும், தெருவிளக்குக்கு மனு எழுதியதும், பஞ்சாயத்து போர்டில் நின்று சண்டை போட்டதும் மாமா. யாருடைய ஓட்டு அது என்று முலெங்கா கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. ஒரே ஒரு தடவை அந்தச் சீட்டைக் கையில் வாங்க வேண்டும் போலத்தான் இருந்தது. சின்னப் பிள்ளை மாதிரிதான். இருக்கட்டும்.

நான்காம் நாள் ஓட்டு. எங்களுக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பூத். கூட்டம் குறையட்டும் என்று உச்சி வெயிலில் கிளம்பினேன். மாமாதான் மொபெட்டில் கொண்டுபோய் விட்டார். பழைய காக்கிச் சட்டைதான் போட்டிருந்தார். பள்ளிக்கூட வாசலில் புங்கமரத்தடியில் வண்டியை நிறுத்தி, "போயிட்டு வா மாப்ள. வலது பக்கத்து ரூம்பு" என்றார். வழி அவருக்குத்தானே தெரியும்.

உள்ளே ஒரே பெஞ்சில் இரண்டு கட்சி ஏஜென்ட்கள், இரண்டு பேருமே இளவட்டங்கள், ஒரே செம்பிலிருந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் கண்ணியப்பன் மட்டும். குமாஸ்தா பட்டியலைப் பார்த்து உரக்கப் படித்தார். "ஏழுமலை, தகப்பனார் ஆறுமுகம்."

ஏஜென்ட்கள் இருவரும் ஒன்றாக நிமிர்ந்தார்கள்.

"சார், இவுரு இல்ல சார். ஏழுமலை ஓட்டுக்கு பஸ் டிரைவர் வருவாருன்னு எங்க அண்ணன் சொல்லி அனுப்பிச்சாரு" என்றான் ஒருவன்.

"எங்களுக்கும் அப்டித்தான் சொல்லிக்கீறாங்க" என்றான் எதிர்க்கட்சிக்காரன். நாட்டில் வேறெதிலும் இவர்கள் ஒத்துப்போனதில்லை.

வாக்குச்சாவடி அதிகாரி காஞ்சிபுரத்துக்காரர், வெயிலில் தலைவலியோடு இருந்தவர். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாருங்க?" நான்தான் ஏழுமலை என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. சட்டைப் பையில் பாஸ்போர்ட் இருந்தது. அதைக் காட்டினால் நான் ஏழுமலை என்பது தெரியும். கூடவே நான் குடியிருப்பது வேறு நாட்டில் என்பதும் தெரியும், அங்கே குடியிருக்கிறவனுக்கு இங்கே ஓட்டு கிடையாது. கை பை வரைக்கும் போய்த் திரும்பிவிட்டது.

கண்ணியப்பன் என்னைக் காப்பாற்ற வந்தான். நல்ல மனசு, அதுதான் ஆபத்து. "சார், இவன் ஏழுமலைதான். எனக்குத் தெரியும். ஆனா ஓட்டு டிரைவரோடது."

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் உள்ளே எட்டிப் பார்த்தார். அதிகாரி பேனாவை வைத்துவிட்டார்.

"ஏழுமலை இவரு. ஓட்டு இன்னொருத்தரோடது. அப்ப ஏழுமலை பேருல இத்தனை நாள் போட்டது யாரு?"

என் ஒரு நாள் ஆசைக்கு மாமாவைக் கொண்டுபோய் ஜெயிலில் வைக்கப்போகிறேன் என்று தோன்றியது. "வேணாம் சார். நான் போடல. எனக்கு ஓட்டு வேணாம், போறேன்" என்று திரும்பினேன்.

மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. மொபெட்டை எடுத்துக்கொண்டு அவர் போயிருக்கலாம். போகவில்லை.

"நாந்தான் சார் அது. எம் பேரு சுடலைமுத்து. எனக்கு இங்க ஓட்டு கெடையாது. இவுக எம் மச்சினன் ஏழுமலை. இவுக ஊர்ல இல்லாதப்ப நான் போட்டேன். தப்புதான். என்ன செய்யணுமோ எனக்குச் செய்யுங்க. இவுகளப் போட வுடுங்க. ரொம்ப தூரத்துலேர்ந்து வந்துருக்காவ."

என் கண் கலங்கியது. மறைக்கவில்லை. கண்ணியப்பன் தலையைச் சொறிந்துகொண்டே நின்றான். ஏஜென்ட் பையன்களில் ஒருவன் எழுந்து, "சார், நாங்க ஆட்சேபணை பண்ணல சார். இவுரேதான்" என்றான். மற்றவனும் எழுந்தான்.

அதிகாரி மாமாவைப் பார்த்தார். பிறகு மோர் செம்பைத் தன் பக்கம் இழுத்து ஒரு வாய் குடித்தார். "முன்னாடி நடந்தப்போ நான் இங்க இல்ல. இன்னைக்கு என் பூத்து. இன்னைக்கு ஏழுமலை ஓட்டை ஏழுமலை போடறாரு. நீங்க வெளிய போய் நில்லுங்க." மாமா படியிறங்கும்போது குரல் கொடுத்தார். "பெரியவரே, தாலுகா ஆபீஸ்ல ஃபாரம் இருக்கு. பேரைச் சேருங்க. எத்தனை நாளைக்கு இரவல் சட்டை போடுவீங்க?"

மை வைத்தார்கள். குளிர்ச்சியாக இருந்தது. பார்லிமெண்டுக்கு ஒன்று, சட்டசபைக்கு ஒன்று, இரண்டு சீட்டு கொடுத்தார்கள். அட்டை மறைப்புக்குப் பின்னால் ரப்பர் முத்திரையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா யாருக்குப் போடுவார் என்று தெரிந்திருந்தால் அவருக்கே குத்தியிருப்பேன். சொல்லத்தான் மாட்டேன் என்றுவிட்டாரே. என் மனசுக்குப் பட்டவர்களுக்குக் குத்திவிட்டு, ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக மடித்துப் பெட்டியில் போட்டேன். அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்கா பன்னிரண்டு வருஷம் என்றும் இருந்தது, இதுதானே என்றும் இருந்தது.

வெளியே வந்ததும் மாமா என் விரலைப் பிடித்துப் பார்த்தார். "நல்லா புடிச்சிருக்கு" என்றார். அவர் விரலில் ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸுக்குப் போனேன். பேர் சேர்க்கிற படிவம் ஒன்று அவருக்கு நிரப்பினேன். அவர் வெளியே மொபெட்டைப் பார்க்கப் போன நேரத்தில் பேர் நீக்குகிற படிவம் ஒன்று எனக்கு. வாங்கிக்கொண்டவர், "உங்க பேரை நீங்களே எடுக்கறீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். குடியிருக்கிறவருக்குத்தானே ஓட்டு என்றேன். மாமாவுக்கு நான் நிரப்பிய இரண்டாவது தாளைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் கிழித்துப்போட்டிருப்பார்.

ஜூலையில் திரும்பிப் போனேன். முலெங்கா என் விரலை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்க் காட்டினார். நான் நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்த டிரைவர் எப்போது போடுவார்?" அக்டோபர் கடைசியில் அவருடைய ஜனாதிபதித் தேர்தல் வந்தது. விடியும் முன்பே வரிசையில் நின்றார். நான் பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு போய், கயிற்றுக்கு இந்தப் பக்கம், ஓட்டு இல்லாதவர்கள் நிற்கிற பக்கம், நின்றேன். முடித்துவிட்டு வந்த முலெங்கா டீயை வாங்கிக் குடித்தார். "அரை நிமிஷம்கூட ஆகவில்லை" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது என்றேன். என் நகத்தில் மை நுனி வரைக்கும் வளர்ந்து வந்திருந்தது. அந்த வாரமே நகத்தை வெட்டினேன், அதுவும் போயிற்று.

அடுத்த வருஷம் பொங்கல் கழித்து அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. கடைசியில் நாலு வரி மாமா எழுதியிருந்தார். "மாப்ள, லிஸ்ட்டுல எம் பேரு வந்துட்டு. சுடலைமுத்துன்னு சரியாப் போட்டுருக்கான். வீட்டு நம்பர் ஒன்னோடதுதான். ஒம் பேரத் தேடிப் பாத்தேன், காணல. நீ என்ன செஞ்சேன்னு அப்பதான் தெரிஞ்சிது. ரெண்டு நாளா சோறு எறங்கல. அடுத்த தடவ யாருக்குப் போடணும்னு ஒரு கார்டு எழுதிப் போடு மாப்ள, நான் அவுகளுக்கே போட்டுருதேன்."

அன்று சாயங்காலமே பதில் எழுதினேன். நலம், நலமறிய ஆவல் எல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரியாக இப்படி எழுதினேன்: "அதை எப்படிச் சொல்றது மாமா? ரகசிய ஓட்டு."